தேரன்று எரிந்த பச்சை

எங்கள் சூதாட்ட ஆணையத்துக்கு வருகிற புகார்களெல்லாம் அழுகையோடுதான் வரும். தோற்றுவிட்டேன், சீட்டுக் கலைத்ததில் தில்லுமுல்லு, சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று மூக்கைச் சிந்திக்கொண்டே வருவார்கள். அன்றைக்கு வந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார், "எங்க வீட்டுக்காரவிய ரொம்ப சந்தோசமா இருக்காவ மேடம். நீங்கதான் என்னமாவது செய்யணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேரம் காலம் தெரியாமல் வருகிற சிரிப்பு அது. எனக்குப் பதவி உயர்வு தள்ளிப்போவதற்கே அதுதான் காரணம் என்று என் கணவர் சொல்வார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

அவர் பெயர் செலஸ்டீனா. தூத்துக்குடிக்காரர். கணவர் இக்னேஷியஸ் கொரேரா கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதத்தில் பாதி நாள் இந்த ஆமைத்தீவில், நீலப்பவளம் ஓட்டலின் சூதாட்டக் கூடத்தில்தான் அவருக்குக் குடித்தனம்.

"சேத்து வச்சதெல்லாம் போயிட்டு மேடம். இனி வீடு ஒண்ணுதான் பாக்கி. அதையும் விக்கதுக்கு ஆள் பாக்காவ. வீடு போறதுக்குள்ள அவியள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"அவர் கையில வளையம் என்ன நிறத்துல எரியுது?"

"பச்சை. தோக்கத் தோக்க நல்லாப் பச்சையா எரியுது. அந்தச் சனியனப் புடுங்கிக் கடல்ல எறியலாம்னு வருது."

வளையத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆமைத்தீவில் சூதாட உட்காருகிற எவரும் மணிக்கட்டில் ஒரு வளையம் மாட்டிக்கொள்ள வேண்டும். நாடி, வியர்வை, ரத்தத்தில் ஓடுகிற சில சமாசாரங்கள் எல்லாவற்றையும் பார்த்து, ஆள் உள்ளுக்குள் எப்படி இருக்கிறார் என்று அது சொல்லிவிடும். பச்சை என்றால் நிம்மதி. மஞ்சள் என்றால் கலக்கம். சிவப்பு என்றால் தவிப்பு. சிவப்பு எரியும்போது தோற்ற பணத்தை ஓட்டல் தொடக்கூடாது, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சந்தோஷமாகத் தோற்றால் வியாபாரம், வருத்தப்பட்டுத் தோற்றால் கொள்ளை என்பது எங்கள் சட்டம். இப்படியொரு சட்டம் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று நானே மேடையேறிப் பேசியிருக்கிறேன்.

சட்டம் வந்த புதிதில் ஓட்டல்காரர்கள் ஒப்பாரி வைத்தார்கள். பிறகு சூட்சுமம் புரிந்துவிட்டது. தோற்கிறவரைக் குஷியாக வைத்திருந்தால் போதுமே! தோற்றவுடன் தட்டில் வஞ்சிரம் வறுவல் வரும். காலைப் பிடித்துவிட ஆள் வரும். பக்கத்தில் உட்கார்ந்து "அடுத்த ரவுண்டு பாருங்க சார், உங்க முகத்துல களை தெரியுது" என்று சொல்வதற்கென்றே ஆறுதல்காரர்கள் என்று ஓர் உத்தியோகம் உண்டாயிற்று. என் நாத்தனார் மகள் உட்படத் தீவில் பலருக்கு அதில்தான் பிழைப்பு. எங்கள் ஆணையத்துக்குச் சம்பளம் வருவதும் அந்தக் கூடங்கள் கட்டுகிற வரியிலிருந்துதான். எல்லோரும் நன்றாகத்தான் இருந்தோம்.

"சந்தோஷமா தோத்த காசு ஓட்டலுக்குத்தாம்மா சொந்தம். சட்டம் அப்படி. நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றேன்.

"நீங்க அவிய ஆடும்போதுதானே பாக்கிய? ஆடாதப்ப பாத்திருக்கியளா?"

"ஆடும்போதுதானேம்மா காசு போகுது?"

"காசு ஆடும்போது போவுது மேடம். மனுசன் போறது மத்த நேரத்துல." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "வீட்டுல வந்து பாருங்க. சோறு எறங்காது. குழம்புல கைய வச்சிட்டுக் கப்பல் எத்தன மணிக்குன்னு செல்போனப் பாப்பாவ. பைப்புல தண்ணி சொட்டுனா அதுக்கும் சத்தம் போடுவாவ. ராத்திரி படுக்கையில உக்காந்தே இருப்பாவ. இங்க வாறதுக்குக் கப்பல்ல கால வச்சதும் அப்பிடியே புது மாப்பிள்ளை ஆயிருதாவ. அந்தப் புது மாப்பிள்ளையத்தான் உங்க வளையம் பாக்குது."

எனக்குச் சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. குடிக்கிறவன் குடிக்கும்போது நிம்மதியாகத்தான் இருப்பான் என்பது எந்தக் குடிகாரன் வீட்டிலும் தெரிந்த விஷயம். அவ்வளவு படித்தவர்கள் கூடி உட்கார்ந்து சட்டம் எழுதினார்கள், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. ஆடாத மனிதனை எதற்கு அளப்பது என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாளே நீலப்பவளத்துக்குப் போனேன். மேலாளர் நந்தகோபால் கோயம்புத்தூர்க்காரர். எப்போதும் சந்தன வாசனையோடு இருப்பார், யாரையும் கடிந்து பேசமாட்டார். அவரைத் திட்டுவதுகூடக் கஷ்டம்.

"ஏனுங்க மேடம், திடீர் விஜயம்? எளநி சொல்லட்டுங்களா?"

"எளநியெல்லாம் இருக்கட்டும். அடுத்த வாரம் தேர் நாள். அன்னைக்கு வளையங்களைக் கழட்டக் கூடாது."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

ஆமைத்தீவில் கடலடியம்மனுக்கு வருஷம் ஒரு தடவை தேர். சீட்டுப் போடுகிறவர்கள், சக்கரம் சுற்றுகிறவர்கள், ஆறுதல்காரர்கள் எல்லோரும் தீவுக்காரர்கள். முதலாளி காலில் விழுந்தாலும் அன்றைக்கு ஒருவரும் வேலைக்கு வரமாட்டார்கள், வடம் பிடிக்கப் போய்விடுவார்கள். அதனால் அந்த ஒரு நாள் மட்டும் எல்லாக் கூடங்களும் பூட்டியிருக்கும். பூட்டுவதற்கு முன்னால் விருந்தினர்களின் வளையங்களை ஓட்டல் வாங்கி வைத்துக்கொள்ளும். பழுது பார்க்க வேண்டும், சார்ஜ் போட வேண்டும் என்பார்கள். வழக்கமாகிவிட்டதால் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

"நல்ல நாளும் அதுவுமா எதுக்குங்க மேடம்? ஆட்டமே இல்லாதப்ப அளந்து என்னங்க பண்றது?"

"ஆட்டமே இல்லாதப்ப அளந்தா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

அவர் திரும்பி இளநீருக்கு ஆள் அனுப்பினார். அவருக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கோபம் கோபமாக வந்தது. ஆனால் இளநீர் வந்துவிட்டது, குடித்துத் தொலைத்தேன்.

என்னைப் போன்ற ஆய்வாளருக்கு ஒரு நாள் சோதனை உத்தரவு போட்டு, அதற்குத் தண்டனையும் விதிக்கிற அதிகாரம் உண்டு. என்ன சோதனை, தோற்றால் என்ன ஆகும் என்பதை விருந்தினர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். தேருக்கு முந்தின நாள் காலைச் சாப்பாட்டு நேரத்தில் நந்தகோபால் மைக்கைப் பிடித்து, சாவு செய்தி வாசிக்கிற குரலில் படித்தார். கூடம் பூட்டியிருக்கும்போது அரை நாளுக்கு மேல் ஒருவர் வளையம் சிவப்பாக எரிந்தால், அவர் விட முடியாதவர் என்று கருதப்படுவார். இந்த வருஷம் அவர் தோற்றது முழுவதையும் ஓட்டல் திருப்பித் தரும். ஒரு வருஷம் அவர் தீவுக்குள் வர முடியாது. வளையத்தை யாராவது வேறு கைக்கு மாற்றினால் அவருக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பாது, ஆயுசுக்கும் ஆமைத்தீவில் இடமில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் இட்லி பிட்கிற சத்தம்கூட இல்லை. ஒருவர் மட்டும் கடகடவென்று சிரித்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, வாரி ஒதுக்கிய நரைமுடி, நல்ல லட்சணமான ஆள். பக்கத்தில் செலஸ்டீனா உட்கார்ந்திருந்தார், தேர் பார்க்க என்று சொல்லி அவரும் வந்து தங்கியிருந்தார்.

"மேடம், என் கையில சிவப்பு பல்பே கிடையாது. வேணும்னா பாருங்க" என்று இக்னேஷியஸ் கையைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிடிக்காமல் போகிற மாதிரியான ஆள் இல்லை அவர்.

தேரன்று காலையில் ஓட்டலின் கண்காணிப்பு அறையில் நானும் நந்தகோபாலும் உட்கார்ந்தோம். சுவர் முழுக்கத் திரை, ஒரு வளையத்துக்கு ஒரு புள்ளி. விடிந்தபோது எல்லாம் பச்சை. பச்சைப் பட்டாணி கொட்டி வைத்த மாதிரி அழகாகவே இருந்தது. காபி நேரம் தாண்டியதும் அங்கங்கே மஞ்சள் தட்டியது. அம்மன் தேர் நிலையை விட்டுக் கிளம்பி மேளச்சத்தம் கேட்க ஆரம்பித்தபோது சிவப்பு வந்தது. தேர் கடற்கரைத் தெருவில் திரும்புவதற்குள் திரையில் பாதிக்கு மேல் சிவப்பு.

காமிராவில் பார்த்தேன். மாடி வராந்தாக்களில் நடந்துகொண்டே இருந்தார்கள். பூட்டிய கூடத்துக் கதவின் கைப்பிடியை ஒருவர் திருகிப் பார்த்துவிட்டுப் போவார், அடுத்தவர் வந்து திருகுவார். ஒரு பல் டாக்டர் நீச்சல்குளத்தோரம் உட்கார்ந்து, தாளில் தானே எண் எழுதித் தானே பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார். இத்தனை நாள் கூடத்தில் வஞ்சிரம் தின்று சிரித்த அதே முகங்கள்.

"அந்த ரெண்டு புள்ளி தேனிலவு ஜோடிங்க மேடம். அவங்களுக்குள்ள சண்டைங்க, அதைக் கணக்குல எடுக்காதீங்க" என்றார் நந்தகோபால் பரிதாபமாக.

"சண்டை அரை நாள் தாங்காது, விடுங்க."

"தெரியுமுங்க மேடம். எனக்கும் தெரியும். போன வருசம் கழட்டினதுக்கு அப்புறம் ஒருத்தர் அந்தக் கதவுல மண்டைய முட்டிட்டு நின்னாருங்க. நானூறு பேருக்கு நான் சம்பளம் போடணுமே... என்ன பண்ணச் சொல்றீங்க?" அவர் கண் கலங்கியிருந்தது. அந்த நிமிஷம் அவர் மேலிருந்த கோபம் எனக்கு விட்டுப்போயிற்று.

நான் தேடியது ஒரே ஒரு புள்ளியை. இக்னேஷியஸ் கொரேரா. அது பச்சையாக இருந்தது.

மத்தியானம்வரை பச்சை. என்னால் நம்ப முடியாமல் எழுந்து தெருவுக்கே போனேன். கூட்டத்தில் கண்டுபிடித்துவிட்டேன், மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். செலஸ்டீனா பட்டுப்புடவையும் முழுக்கை ரவிக்கையுமாக வடத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆறுதல்காரப் பெண் வடத்தை விட்டுவிட்டு ஓடிவந்து அவருக்கு மல்லிகை கொடுத்துவிட்டுப் போனாள். இக்னேஷியஸ் மனைவியின் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். அவர் முகம் வியர்த்துக் கொட்டியது, ஆனால் அந்த வெயிலில் வியர்க்காத ஆள் யார்? பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு தேர் பார்க்கிற மனிதனுக்கு என்ன குறை என்று நினைத்தேன். எனக்கே பொறாமையாக இருந்தது. என்னைப் பார்த்து இக்னேஷியஸ் தலையசைத்தார், சிரிக்கவில்லை.

சாயங்காலம் தேர் நிலைக்கு வந்தபோதும் பச்சை. மறுநாள் விடிந்து வளையங்களைத் திரையில் கணக்கெடுத்து முடித்தபோதும் பச்சை.

காலையில் எங்கள் தலைவர் போனில் கத்தினார். "என்ன காரியம்மா பண்ணிவச்சிருக்கே மங்கை! பாதி ஓட்டலுக்குக் காசு திருப்பிக் கொடுக்கணுமாம். நந்தகோபால் சாவியைக் கொண்டுவந்து என் மேஜையில வைக்கிறேங்கிறான். அடுத்த மாசம் நமக்கு யாரு சம்பளம் போடறது?"

"கதவுல போய் முட்டிக்கிறாங்க சார் ஜனங்க. நீங்க ஒரு தடவை வந்து பாருங்க."

"பார்த்தா மட்டும்?" என்றார். பிறகு யாரிடமோ கதவைச் சாத்தச் சொன்னார். "சரி, எல்லா ஓட்டலுக்கும் சேர்த்து ஒரு அறிக்கை கொண்டுவா. படிக்கிறேன்" என்று வைத்துவிட்டார். அவ்வளவு சுலபமாக அவர் இறங்கிவந்ததில்லை. பெரிய ஜெயம்தான். ஆனால் எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை, செலஸ்டீனா வெளியே காத்திருந்தார்.

அவர் தனியாக உள்ளே வந்தார். இக்னேஷியஸ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா. உங்க புகாரை முடிச்சு வைக்க வேண்டியதுதான். அவர் நேத்துப் பூரா பச்சை. ஒரு நிமிஷம்கூடச் சிவப்புக்குப் போகலை. அவர் விட முடியாதவர் இல்ல. அவர் காசு, அவர் இஷ்டம். சட்டத்துல எனக்கு இதுக்கு மேல வழியில்ல."

செலஸ்டீனா ரவிக்கையின் கையை மேலே சுருட்டினார். மணிக்கட்டில் வளையம் இருந்தது. பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"முந்தின நா ராத்திரியே கழட்டிட்டாவ. எஞ்சினியர்லா, எதையும் கழட்டிருவாவ. 'ஒரு நாள் நீ போட்டுக்கடி, என்னால முடியாது, சிவப்பு எரிஞ்சிரும்'னு கையப் பிடிச்சுக் கெஞ்சுனாவ. சிவப்பு எரிஞ்சா போன காசு அம்புட்டும் திரும்ப வருமேன்னு சொல்லுதேன், அது காதுலயே விழல. 'ஒரு வருசம் இங்க வராம நான் எப்பிடிடி இருப்பேன்'னு கேக்காவ."

"நீங்க ஏம்மா வாங்கிப் போட்டுக்கிட்டீங்க? மாட்டேன்னு சொல்லியிருந்தா காசு முழுக்க வந்திருக்குமே! அடக் கடவுளே, அதுக்குத்தானே இவ்வளவும் பண்ணினேன்!"

"காசு வந்தா?" என்றார் செலஸ்டீனா. "ஒரு வருசம் நாள எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பாவ. அடுத்த வருசம் அதையே எடுத்துக்கிட்டுக் கப்பல் ஏறுவாவ. அந்த மேலாளர் தம்பி மைக்குல வாசிக்கும்போதே முடிவு பண்ணிட்டேன். எனக்கு ஒரு வருசம் வேண்டாம் மேடம், ஆயுசுக்கும் வேணும். வளையத்தக் கை மாத்தினா ஆயுசுக்கும்னு நீங்கதான சொல்லச் சொன்னிய?"

சம்பளம் வாங்கிக்கொண்டு சட்டம் படிக்கிறவள் நான். அந்த ஒரு வருஷம் என்கிற வரியில் இருந்த ஓட்டை எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் இருக்கிறவருக்குத் தெரிந்தது.

இக்னேஷியஸை உள்ளே கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே வந்தவர் மனைவியின் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீயே போட்டுக் குடுத்துட்டியா செலஸ்டீ?"

"ஆமா" என்றார் அவர்.

இக்னேஷியஸ் மறுக்கவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளுக்குள் எப்படி இருக்கிறார் என்று தெரிய எனக்கு ஒரு வளையமும் தேவைப்படவில்லை. "ரெண்டு வருசம்னு போடுங்க மேடம். அஞ்சு வருசம்னுகூடப் போடுங்க. ஆயுசுக்கும்னு மட்டும் போடாதிய" என்றார். பெரிய மனிதர் ஒருவர் அப்படிக் கெஞ்சுவதைக் கேட்க முடியவில்லை. நான் அவர் கண் முன்னாலேயே கையெழுத்துப் போட்டேன். அவர் வெளியே போய் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

நான் பெருமூச்சு விட்டேன். வீடு தப்பித்தது, ஆள் தப்பித்தார். செலஸ்டீனா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா மேடம்?"

"கேளுங்கம்மா."

"நேத்துப் பூரா பச்சை எரிஞ்சது என் கை. எனக்கே ஆச்சரியமா இருக்கு. அவியளக் காட்டிக் குடுக்கப் போறோமேன்னு பயந்துகிட்டுதான் வாசப்படி எறங்குனேன். ஆனா அவிய என் கைய விடவே இல்ல. வளையத்த நான் கழட்டிருவேனோன்னு காவலுக்குத்தான் பிடிச்சாவ, எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மனசு நெறஞ்சு கெடந்துச்சு. கல்யாணம் ஆன புதுசுலகூட இப்பிடிக் கையக் கோத்துக்கிட்டு ஒரு நாள் பூரா நடந்ததில்ல. பக்கத்துல அவிய தவிச்ச தவிப்பு எனக்குத் தெரியாமலா? கையெல்லாம் ஈரம், நடுக்கம். அவிய அப்பிடித் தவிக்கும்போது நான் சந்தோசமா இருந்திருக்கேன்." அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அடுத்தவிய தவிப்புல சுகம் காணுறது, உங்க கூடத்துல நடக்கதுதான மேடம் இது? இதுக்கு என்ன நிறம்?"

அவர் மணிக்கட்டில் பச்சை மங்கத் தொடங்கியது. ஆய்வாளர் வேலையே அதைப் பார்ப்பதுதான். நான் பார்க்கவில்லை. என்னிடமிருந்த வளையச் சாவியை எடுத்து, அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி, அது எந்த நிறத்துக்கு மாறுகிறது என்று தெரிவதற்குள் வளையத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தேன்.

"வெளியில தனியா உட்கார்ந்திருக்காரும்மா. போய் அவர் கையைப் பிடிச்சுக்குங்க, கப்பலுக்கு நேரமாச்சு" என்றேன்.